வேனில் வைக்க டி.சி. ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறீர்களா?

மே மாதம், ராமேஸ்வரம். காலையில் வண்டியின் பின்கதவைத் திறந்ததும் குப்பென்று புளித்த வாடை. இட்லி மாவு டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, குளிர்ப்பெட்டியின் அடியில் தேங்கி, கொத்தமல்லிக் கட்டை முழுக நனைத்து, அத்தையின் இன்சுலின் டப்பா வரை போயிருந்தது. பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த தெர்மாமீட்டரில் 21 டிகிரி. சரி, இன்ஜினையாவது போடலாம் என்று சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க அந்தப் பெட்டி வண்டி பேட்டரியை உறிஞ்சியிருக்கிறது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷத்தில் இரண்டு பெட்டி மாற்றினேன், ஒயரிங்கை ஒருமுறை முழுதாகப் பிடுங்கி மறுபடி இழுத்தேன், ஏறக்குறைய 19 ஆயிரம் ரூபாயை வீணாக்கினேன். இப்போது எங்கள் ஈக்கோ வேனில் 40 லிட்டர் ஃபிரிட்ஜ் ஒன்று மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் வெளிக்கரண்ட் இல்லாமலே ஓடுகிறது. வேனையோ டெம்போ டிராவலரையோ தங்கும் வண்டியாக மாற்றும் வேலையை இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். லாட்ஜ் லாட்ஜாகத் தங்கி அங்கே பிளக் போடுகிறவர்களுக்கு இவ்வளவு தலைவலி தேவையில்லை.

முதலில் ஒரு விஷயம். எல்லோரும் சோலார் பேனலில் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வண்டியில் 24 மணி நேரமும் கரண்ட் கேட்கிற ஒரே சாமான் ஃபிரிட்ஜ். அது நாளைக்கு எத்தனை வாட்-அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு) தின்னும் என்று தெரியாமல் பேட்டரியும் பேனலும் வாங்குவது, எத்தனை பேர் என்று கேட்காமல் உலை வைப்பது மாதிரி. ஃபிரிட்ஜை முடிவு செய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

1. உள்ளே என்ன வைப்பீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, மூன்று நாளைக்கு உண்மையிலேயே குளிரில் இருக்க வேண்டியவற்றை மட்டும் எழுதுங்கள். எங்கள் பட்டியல்: பால் ஒரு லிட்டர், தயிர், மாவு இரண்டு கிலோ, கீரை அல்லது கொத்தமல்லி, கடலோரம் போனால் அரைக் கிலோ மீன், இன்சுலின், நான்கு தண்ணீர் பாட்டில். வெங்காயம், உருளை, தக்காளி, முட்டை, ஊறுகாய் எதற்கும் ஃபிரிட்ஜ் வேண்டாம். இரண்டு பேருக்கு 35 முதல் 40 லிட்டர் தாராளம். குழந்தைகளோடு நான்கு பேர் என்றால் 50, 55.

“எதற்கும் இருக்கட்டும்” என்று 75 லிட்டர் வாங்காதீர்கள். பெட்டி பெரிதாக ஆக வெப்பம் உள்ளே நுழையும் பரப்பும் பெருகும். காலிப் பெட்டியைக் குளிர்விக்கவும் பேட்டரிதான் செலவாகும்.

லிட்டர் கணக்கில் ஒரு ஏமாற்று உண்டு. மேலே திறக்கும் பெட்டிகளில் ஒரு மூலையில் கம்பிரசருக்காக மேடு மாதிரி தூக்கியிருக்கும். அந்த மேட்டின் மேல் உள்ள இடமும் லிட்டரில் சேர்த்திதான், ஆனால் தூக்குச் சட்டி அங்கே நிற்காது. உள் உயரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு லிட்டர் பாட்டில் நேராக நிற்க வேண்டும். நான் இரண்டாவது முறை பழைய அட்டைப் பெட்டியை அதே அளவுக்கு வெட்டி ஒட்டி, வீட்டிலிருந்த எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கிப் பார்த்தேன். மனைவி சிரித்தாள். ஆனால் எங்கள் தயிர்த் தூக்கு அரை அங்குலம் உயரம் என்பது அப்போதுதான் தெரிந்தது.

2. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

சந்தையில் ‘கார் ஃபிரிட்ஜ்’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சாமான்கள் விற்கின்றன.

முதலாவது தெர்மோ எலக்ட்ரிக், அதாவது பெல்டியர் பெட்டி. ராமேஸ்வரத்தில் என் மானத்தை வாங்கியது இதுதான். ஐந்தாறு ஆயிரத்துக்குக் கிடைக்கும், எடை குறைவு, சத்தமும் பெரிதாக இல்லை. ஆனால் வெளியில் இருக்கும் வெப்பத்தைவிட 15, மிஞ்சிப்போனால் 20 டிகிரிதான் குறைக்கும். மூடிய வண்டிக்குள் 40 டிகிரி என்றால் பெட்டிக்குள் 20, 25. மாவு புளிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. போதாததற்கு 4 முதல் 5 ஆம்ப் வரை நிற்காமல் இழுக்கும். 4.5 ஆம்ப் என்றே வையுங்கள்: 24 மணி நேரத்துக்கு 108 ஆம்ப்-அவர், அதை 12 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 1,300 வாட்-அவர். நல்ல கம்பிரசர் ஃபிரிட்ஜ் கோடையில் குடிப்பதுபோல் இரண்டு மடங்குக்கும் மேல். விலை குறைவு என்று வாங்கினால் பேட்டரியில் அழ வேண்டியிருக்கும்.

இரண்டாவது, கேஸ், 12 வோல்ட், 230 வோல்ட் மூன்றிலும் ஓடும் அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ். வெளிநாட்டுக் கேரவன் வீடியோக்களில் இதைப் பார்த்து ஆசைப்படுவார்கள். வண்டி சமமாக நிற்கவில்லை என்றால் ஒழுங்காகக் குளிராது, நம் வெயிலில் திணறும், 12 வோல்ட்டில் ஓட்டினால் 100 வாட்டுக்கும் மேல் கேட்கும், கேஸில் ஓட்டினால் தூங்கும் இடத்தில் இரவெல்லாம் தீ எரியும். வேண்டாம்.

மூன்றாவது 12/24 வோல்ட் கம்பிரசர் ஃபிரிட்ஜ். வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரியேதான், கம்பிரசர் மட்டும் நேரடியாக டி.சி.யில், அதாவது பேட்டரி கரண்டிலேயே ஓடும். குளிர்ந்ததும் நின்றுவிடும். வெளியில் 43 டிகிரி இருந்தாலும் உள்ளே 4 டிகிரியைப் பிடிக்கும். சாய்ந்த மலைச்சாலையிலும் ஓடும். நமக்கு இதுதான்.

“ஐந்து ஸ்டார் வீட்டு ஃபிரிட்ஜையே இன்வெர்ட்டரில் ஓட்டினால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. லேபிளில் ஆண்டுக்கு 120 யூனிட் என்று போட்டிருந்தால் நாளைக்கு 330 வாட்-அவர்தான். ஆனால் இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கவே 12 வாட் தின்றால் அது நாளைக்கு 288 வாட்-அவர். மாற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 650ஐத் தாண்டும். முன்கதவு ஃபிரிட்ஜ் வளைவில் திறந்து தக்காளியை உருட்டிவிடும் சங்கடம் தனி. டெம்போ டிராவலர் அளவுக்கு இடம் இருந்து, வேறு காரணத்துக்காக இன்வெர்ட்டர் எப்படியும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் யோசிக்கலாம். சின்ன வேனுக்கு ஒத்துவராது.

மேலே திறப்பதா, முன்னால் திறப்பதா? குளிர்காற்று கனமானது. முன்கதவைத் திறந்தால் காலடியில் கொட்டிவிடும், மேல்மூடியைத் திறந்தால் கிணற்றுத் தண்ணீர் மாதிரி உள்ளேயே கிடக்கும். மேல்மூடிப் பெட்டியில் அடியில் இருப்பதை எடுக்க எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்பது உண்மைதான். பழகிவிட்டது.

3. ஸ்டிக்கரைப் படியுங்கள்

பெட்டியின் பின்புறமோ அடியிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். விளம்பரத்தை விட்டுவிட்டு அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியவை:

காலநிலை வகை. ‘என்’ என்றால் 32 டிகிரி வரை, ‘எஸ்.டி.’ என்றால் 38 வரை, ‘டி’ என்றால் 43 வரை. நமக்கு ‘டி’ இருக்க வேண்டும். ‘என்’ மட்டும் போட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாட். 45 வாட், 60 வாட் என்று போட்டிருப்பது கம்பிரசர் ஓடும்போது இழுப்பது. நாள் செலவு, அது எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. விற்பவர் “மணிக்கு 0.7 ஆம்ப்தான் சார்” என்பார். எந்த வெப்பத்தில் என்று கேளுங்கள். பெரும்பாலும் 25 டிகிரி என்று பதில் வரும். சித்திரை மாதத்தில் நம் ஊரில் 25 டிகிரி எங்கே இருக்கிறது?

சுவர்த் தடிமன். இன்சுலேஷன் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். 40க்குக் குறைவாக இருந்தால் யோசியுங்கள். என் அனுபவத்தில் கம்பிரசர் பிராண்டைவிட இதுவும் மூடியின் ரப்பரும்தான் கரண்டைத் தீர்மானிக்கின்றன. ஒரு ஐம்பது ரூபாய் நோட்டை மூடி இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவி வந்தால் குளிரும் அப்படித்தான் வெளியே போகும்.

கம்பிரசர் யாருடையது? பழைய கடைக்காரர்கள் ‘டான்ஃபாஸ்’ என்பார்கள். 2010லிருந்து அந்தக் கம்பிரசர் தொழில் ‘செகாப்’ என்ற பெயரில் நடக்கிறது. பி.டி.35 என்ற எண் இருந்தால் அந்தக் குடும்பம். விலை அதிகம், உதிரி கிடைக்க வாய்ப்பும் அதிகம். சீனத் தயாரிப்புக் கம்பிரசரிலும் நல்லவை இருக்கின்றன. இப்போது என்னிடம் இருப்பது அதுதான், குறை சொல்ல எதுவுமில்லை.

பேட்டரி பாதுகாப்பு. பேட்டரி வோல்ட் எவ்வளவு இறங்கினால் ஃபிரிட்ஜ் தானாக அணைய வேண்டும் என்பதற்கு உயர், நடு, தாழ் என்று மூன்று நிலை இருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகும் பேட்டரியில் மாட்டினால் ‘உயர்’, தனி பேட்டரியில் மாட்டினால் ‘நடு’ அல்லது ‘தாழ்’. இந்த ஒரு பட்டனை மாற்றி வைத்துவிட்டு “ஃபிரிட்ஜ் தானாக அணைகிறது” என்று சண்டை போடுகிறவர்கள்தான் அதிகம்.

4. வாங்கும்போது கேட்க வேண்டிய காகிதங்கள்

ஜி.எஸ்.டி. பில் உங்கள் பெயரில், பெட்டியின் சீரியல் எண் எழுதி வேண்டும். அந்த எண் இல்லாமல் வாரண்டி கேட்கப் போனால் “இது எங்கள் பீஸ்தானா?” என்பார்கள். எனக்கு நடந்தது.

வாரண்டியில் இரண்டு வரியைத் தேடுங்கள். ஒன்று, கம்பிரசருக்கு எத்தனை வருஷம், கண்ட்ரோல் போர்டுக்கு எத்தனை வருஷம். “மூன்று வருஷ வாரண்டி” என்று பெரிய எழுத்தில் போட்டு, போர்டுக்கு மட்டும் ஒரு வருஷம் என்று பொடி எழுத்தில் இருக்கலாம். குலுங்கும் வண்டியில் முதலில் போவது போர்டுதான். இரண்டு, சர்வீஸ் எங்கே, பெட்டியை அனுப்பும் கூரியர் செலவு யாருடையது. 15, 20 கிலோ பெட்டியை வேறு மாநிலத்துக்கு அனுப்பி வாங்கச் சில ஆயிரம் ஆகும். போர்டைத் தனியாக விற்பார்களா என்றும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு இணையதளத்தில் விலை பாதி என்று ஆர்டர் போடாதீர்கள். கப்பல் கூலி, சுங்க வரி சேர்ந்ததும் வித்தியாசம் கரைந்துவிடும், வாரண்டியும் கிடைக்காது.

பெட்டி வந்த அன்றே பிளக்கில் சொருகாதீர்கள். வழியில் எப்படிப் புரட்டினார்களோ தெரியாது. நேராக நிறுத்தி ஆறேழு மணி நேரமாவது விட்டு, கம்பிரசர் எண்ணெய் இறங்கிய பிறகு போடுங்கள்.

5. திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் சோதியுங்கள்

ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்க ஏழு நாள், பத்து நாள் என்று ஒரு கெடு இருக்கும். அதற்குள் வீட்டிலேயே மூன்று நாள் சோதனை முடிய வேண்டும். வண்டி தயாரான பிறகு பார்க்கலாம் என்று அட்டைப் பெட்டியோடு ஓரம் வைத்தால் அந்தக் கெடு போய்விடும். என் முதல் கம்பிரசர் பெட்டியை அப்படித்தான் நஷ்டத்துக்கு விற்றேன்.

ஒயரோடு சேர்த்து மாட்டும் சின்ன டி.சி. வாட்மீட்டர் ஒன்று ஆயிரத்துக்குள் கிடைக்கும். கடைசி வரை உதவும். எலக்ட்ரீஷியனிடம் இருக்கும், ஒயரைக் கவ்வி அளக்கும் சாதாரண டாங் டெஸ்டரை நம்பாதீர்கள். பெரும்பாலானவை ஏ.சி. ஆம்ப் மட்டும் காட்டும், டி.சி. ஒயரில் மாட்டினால் பூஜ்யம்தான் வரும்.

12 வோல்ட் பேட்டரி ஒன்றில் மீட்டர் வழியாக மாட்டி, 4 டிகிரிக்கு வைத்து, பாதி அளவு தண்ணீர் பாட்டிலால் நிரப்பி, முதல் நாளை விட்டுவிடுங்கள், அது குளிர்ந்து சேரும் நாள். இரண்டாம் நாள் 24 மணி நேரத்துக்கு எத்தனை வாட்-அவர் என்று குறியுங்கள். மூன்றாம் நாள், மத்தியானம் மொட்டை மாடி அறையிலோ மூடிய வண்டிக்குள்ளோ வைத்து அதையே அளங்கள். உள்வெப்பத்துக்கு, டிஸ்பிளேயைப் பார்க்காமல், ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுவில் வையுங்கள்.

என் பெட்டியின் எண்கள்: கோவையில் ஜனவரி, வீட்டுக்குள் 260 வாட்-அவர். டிசம்பரில் வால்பாறையில் 170. மே மாதம் வெயிலில் நின்ற வண்டிக்குள் 520. ஒரே பெட்டி, ஒரே அளவு சாமான், மூன்று மடங்கு வித்தியாசம்! நீங்கள் கணக்குப் போட வேண்டியது மே மாத எண்ணை வைத்து.

6. பேட்டரியும் பேனலும்

இப்போது எண் கையில் இருக்கிறது. ஃபிரிட்ஜ் 520. இருபது வாட் ஃபேன் எட்டு மணி நேரம், 160. விளக்கு, போன் சார்ஜ் 100. மொத்தம் 780 வாட்-அவர்.

100 ஆம்ப்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-அவர் உண்டு. எண்பது சதவீதத்தைப் பயன்படுத்தினால் 1,020. ஆக, வெயிலே இல்லாமல் ஒரு நாளும் கொஞ்சமும் தாங்கும். எடை பன்னிரண்டு கிலோ அளவுதான். வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிய டியூபுலர் பேட்டரியை வைக்கலாமா என்றால், அதில் பாதிதான் எடுக்கலாம், எடை ஐம்பது கிலோவை ஒட்டி, சார்ஜ் ஆகும்போது வரும் வாயு தூங்கும் இடத்தில் பரவும். நான் செய்ய மாட்டேன். லித்தியத்துக்கும் ஒரு குறை: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. லடாக், ஸ்பிதி போகிறவர்கள் அந்தப் பாதுகாப்பு பேட்டரியிலேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பேனலில் எழுதியிருக்கும் வாட்டை அப்படியே எடுக்காதீர்கள். கூரையில் படுக்கையாகக் கிடக்கிறது, தூசி, சூடு. கோடையில் 200 வாட் பேனல் ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு, முப்பது சதவீதம் கழித்து, 700 வாட்-அவர் தரும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அதில் பாதி வந்தால் பெரிது. பற்றாக்குறையை இன்ஜின்தான் தீர்க்க வேண்டும். வண்டி பேட்டரியிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜ் பேட்டரிக்கு ஏற்றும் 20 ஆம்ப் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒரு மணி நேர ஓட்டத்தில் 230 வாட்-அவர் அளவுக்கு ஏற்றும். நேராக ஒயர் இழுத்து இரண்டு பேட்டரியையும் இணைத்துவிடலாம் என்று பட்டறையில் சொன்னால் கேட்காதீர்கள். லித்தியம் கேட்கிற கரண்டைக் கொடுக்கப் போய், இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் சூடாகும்.

ஒரு தீராத சங்கடம்: பேனலுக்கு வெயில் வேண்டும், ஃபிரிட்ஜுக்கு நிழல் வேண்டும். நான் வெயிலில் நிறுத்தி, ஃபிரிட்ஜ் இருக்கும் பக்கத்துக் கண்ணாடிக்கு உள்ளிருந்து வெள்ளித் திரை போடுகிறேன். வேப்பமரத்து நிழலில் நிறுத்தினால் உடம்புக்கு சுகம், பேட்டரிக்குப் பட்டினி.

7. ஒயர், இதில்தான் பலரும் விழுகிறோம்

ஹம்பி, ஏப்ரல். புது கம்பிரசர் ஃபிரிட்ஜ், புது பேட்டரி, எல்லாம் சரியாக இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஃபிரிட்ஜ் ‘பீப்’ என்றது. அணைந்தது. ஐந்து நிமிஷத்தில் தானாக வந்தது. மறுபடி ‘பீப்’. பேட்டரி முனையில் மீட்டர் வைத்தால் 12.9 வோல்ட். ஃபிரிட்ஜ் பிளக்கில் வைத்தால், கம்பிரசர் கிளம்பும் நொடியில் 11க்குக் கீழே விழுகிறது. பேட்டரியில் கரண்ட் இருந்தும் ஃபிரிட்ஜ், “பேட்டரி தீர்ந்துவிட்டது” என்று நினைத்து அணைந்துகொண்டே இருந்திருக்கிறது.

காரணம் இரண்டு. முதலாவது ஒயர். எங்கள் ஏரியா ஆட்டோ எலக்ட்ரீஷியன், “அண்ணா, பன்னெண்டு வோல்ட்டுதானே, இதுக்கெதுக்குத் தடி ஒயரு?” என்று 1.5 ஸ்கொயர் எம்.எம். இழுத்திருந்தார். நானும் தலையாட்டினேன். உண்மை நேர் எதிர்: வோல்ட் குறையக் குறைய ஒயர் தடிக்க வேண்டும். பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜ் ஐந்து மீட்டர் என்றால் போகவர பத்து மீட்டர். 1.5 ஒயரில் 5 ஆம்ப் ஓடினால் 0.58 வோல்ட் வழியிலேயே போய்விடும். கம்பிரசர் கிளம்பும்போது இழுப்பது அதைவிட அதிகம். அதே தூரத்துக்கு 6 ஸ்கொயர் எம்.எம். போட்டால் இழப்பு 0.15 வோல்ட்தான். கூடுதல் செலவு சில நூறு ரூபாய்.

இரண்டாவது, சிகரெட் லைட்டர் சாக்கெட். குண்டும் குழியுமான சாலையில் பிளக் மெல்ல நழுவும், பாதித் தொடுதலில் சூடாகும். என்னுடைய பிளக்கின் நுனி பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, இறுகப் பிடிக்கும் ஆண்டர்சன் கனெக்டர் போடுங்கள். ஒயர் நுனியில் மாட்டும் உலோக லக்கை முறையாகக் கிரிம்ப் செய்யச் (அழுத்திப் பொருத்தச்) சொல்லுங்கள், பிளையரால் நசுக்கி டேப் சுற்றுவது போதாது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் 15 ஆம்ப் பியூஸ். பியூஸ் ஃபிரிட்ஜ் பக்கத்தில் இருந்தால் நடுவழியில் ஒயர் உரசினால் தீப்பிடிப்பதைத் தடுக்காது. நெகட்டிவையும் பேட்டரி வரை தனி ஒயராக இழுங்கள், பாடியில் எர்த் கொடுத்து முடிக்காதீர்கள்.

செகாப் கம்பிரசர் உள்ள ஃபிரிட்ஜில் போர்டில் ஒரு சின்ன விளக்கு மின்னும். ஒருமுறை மின்னி நின்றால் வோல்ட் போதவில்லை, இரண்டு என்றால் ஃபேன், மூன்று என்றால் மோட்டார் கிளம்பவில்லை, ஐந்து என்றால் போர்டு சூடு. மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் அந்த மின்னலை எண்ணுங்கள். ஒன்று என்றால் பெரும்பாலும் ஃபிரிட்ஜ் மேல் தப்பில்லை, உங்கள் பேட்டரி அல்லது ஒயர் மேல்தான்.

8. காற்று விடுங்கள்

ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. அது போக வழி வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று நான் பிளைவுட்டில் அளவெடுத்துக் கச்சிதமாக ஒரு பெட்டி அடித்து அதற்குள் ஃபிரிட்ஜை இறக்கினேன். தன் சூட்டைத் தானே உறிஞ்சி கம்பிரசர் நிற்காமல் ஓடியது. ஜன்னல் போன்ற துளை இருக்கும் பக்கத்தில் பத்து செ.மீ. இடைவெளி விட்டு, பிளைவுட்டில் கீழே ஒன்று மேலே ஒன்றாக இரண்டு ஓட்டை போட்டதும் நாள் செலவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பைசா செலவில்லை.

பிடிமானத்துக்கு ராட்செட் பெல்ட் இரண்டு. சடன் பிரேக்கில் இருபது கிலோ பெட்டி உங்கள் முதுகைத் தேடி வரும்.

9. ஆர்.சி., இன்சூரன்ஸ்

பெல்ட் போட்டுக் கட்டிய ஃபிரிட்ஜ் ஒரு லக்கேஜ். அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். ஆனால் ஃபிரிட்ஜுக்கு இடம் செய்ய சீட்டைக் கழற்றுவது வேறு கதை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது, மாற்ற வேண்டுமானால் முன் அனுமதி வேண்டும். சீட் எண்ணிக்கை ஆர்.சி.யில் இருக்கிறது. அதனால் நான் ஐந்து சீட் ஈக்கோவை எடுத்து, சீட்டைத் தொடாமல், பின்னால் லக்கேஜ் இடத்தில் ஃபிரிட்ஜை வைத்தேன். படுக்கை மடக்குப் பலகை. பெரிதாக வெட்டி ஒட்டும் எண்ணம் இருந்தால் பட்டறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வரைபடத்தோடு போய்க் கேளுங்கள். “எல்லோரும் பண்றாங்க சார்” என்பது இன்சூரன்ஸ் கிளெய்மில் செல்லாது.

பேனல், பேட்டரி, சார்ஜர் பில்களின் நகலை இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கொடுத்து எலக்ட்ரிகல் ஆக்சசரீஸ் என்று பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். வழக்கமாக அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். கழற்றி எடுக்கும் ஃபிரிட்ஜ் அதில் அடங்குமா என்பதை மெயிலில் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். பாலிசி புதுப்பிக்கும் தேதியோடு இதைச் செய்தால் ஒரே அலைச்சலில் முடியும்.

10. எனக்கு ஆன செலவும் நாட்களும்

40 லிட்டர் ஃபிரிட்ஜ் 31 ஆயிரம். லித்தியம் பேட்டரி 30 ஆயிரம். பேனலும் கேரியர் கிளாம்ப்பும் 10 ஆயிரம். பேனல் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றும் எம்.பி.பி.டி. கண்ட்ரோலர் 4 ஆயிரம். டி.சி.-டி.சி. சார்ஜர் 13 ஆயிரம். ஒயர், பியூஸ், கனெக்டர், கூலி 7 ஆயிரம். ஆக 95 ஆயிரம். இதில் ஃபிரிட்ஜ் மூன்றில் ஒரு பங்குதான். ஃபிரிட்ஜில் ஐந்தாயிரம் கூடக் கொடுத்து நாளைக்கு 150 வாட்-அவர் மிச்சம் பிடித்தால் சின்ன பேனலும் சின்ன பேட்டரியும் போதும் என்பது இந்தக் கணக்கைப் பார்த்தாலே தெரியும். முதல் நாளே முழுப் பணமும் இல்லை என்றால் ஃபிரிட்ஜ், பேட்டரி, டி.சி.-டி.சி. சார்ஜர் மூன்றையும் வாங்கி ஓட்டுங்கள், பேனல் ஆறு மாதம் கழித்து ஏறட்டும். தினமும் மூன்றரை மணி நேரமாவது வண்டி ஓடினால் சமாளிக்கலாம்.

நாள் கணக்கு: பெட்டி வர ஒரு வாரம், சோதனை மூன்று நாள், மற்ற சாமான் சேர பத்து நாள், ஒயரிங் இரண்டு நாள், பிறகு வீட்டு வாசலிலேயே வண்டியில் இரண்டு இரவு. ஒரு மாதம் வையுங்கள். கோடை விடுமுறைக்கு வேண்டுமானால் பிப்ரவரியிலேயே தொடங்குங்கள். ஏப்ரலில் விலையும் ஏறும், நல்ல எலக்ட்ரீஷியனும் கிடைக்க மாட்டார்.

11. வண்டியில் ஓட்டும் விதம்

கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டுக் கரண்டில் சொருகி, சாமானோடு குளிரவைத்துவிடுங்கள். அறை வெப்பத்தில் இருக்கும் பாட்டில்களைக் குளிர்விக்கும் வேலையைப் பேட்டரிக்குக் கொடுக்க வேண்டாம்.

மத்தியானம் பேனல் முழு வேகத்தில் இருக்கும்போது 1 டிகிரிக்கு இறக்குங்கள். சாயங்காலம் 6க்கு ஏற்றிவிடுங்கள். பகலில் குளிர்ந்த தண்ணீர் பாட்டில்கள் இரவெல்லாம் குளிரைத் தாங்கும், கம்பிரசர் சத்தமும் தூக்கத்தில் குறையும். மாவை டப்பாவில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. சூடான சாம்பாரை உள்ளே வைப்பது, கரண்ட்டை ஜன்னல் வழியாகக் கொட்டுவதற்குச் சமம்.

இன்சுலின் இருந்தால் அந்த 1 டிகிரி விளையாட்டில் கவனம். மேல்மூடிப் பெட்டிகளில் உள்சுவரே குளிர்த் தகடு. அதை ஒட்டி வைத்த கொத்தமல்லி கண்ணாடி மாதிரி விறைத்துவிடும், இன்சுலினும் அப்படித்தான் உறையும். உறைந்த இன்சுலின் மறுபடி உருகினாலும் போடக் கூடாது. நாங்கள் அதை ஒரு துண்டில் சுற்றி, மூடி போட்ட டப்பாவுக்குள், மேல்தட்டுக் கூடையில், கம்பிரசர் மேட்டின் மேல் வைக்கிறோம். பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். காலையில் காபிக்குப் பால் எடுக்கும்போது அத்தை அதைத்தான் முதலில் பார்ப்பார். நேற்று 5 டிகிரி.